நிற்கும் டிஷ், சுழலும் ஆன்டெனா

திருவனந்தபுரத்தில் விண்ணிலிருந்து வரும் அலைகளை வாங்கும் ஆன்டெனாக்களில் இரண்டை ஒப்பிடலாம். ஒன்று, கேபிள் டிவி கட்டுப்பாட்டு அறையின் மாடியில் நிற்கும் சி-பேண்ட் டிஷ். மற்றொன்று, ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் பின்தொடரும் இஸ்ரோவின் இஸ்ட்ராக் நிலைய ஆன்டெனா. செல்போன் அலைகளால் குறுக்கீடு நேரும் வாய்ப்பு இரண்டுக்கும் உண்டு, தீர்வுதான் வேறு.

முதலில் அலைவரிசை இடைவெளி. டிவி டிஷ் வாங்குவது 3700 முதல் 4200 மெகாஹெர்ட்ஸ் வரை. 2022 ஏலத்தில் 5ஜிக்கு ஒதுக்கியது 3300 முதல் 3670 வரை. நடுவே 30 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. விண்கலங்கள் தகவல் அனுப்பும் எஸ்-பேண்ட் 2290-இல் முடிகிறது. 2010-இல் ஏலம்போன, இன்று 4ஜி ஓடும் பட்டை 2300-இல் தொடங்குகிறது. இங்கே இடைவெளி 10 மட்டுமே.

டிவி டிஷ், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள ஒரே செயற்கைக்கோளை நோக்கி அசையாமல் நிற்கிறது. அதில் அலையை வாங்கிப் பெருக்கும் கருவியான எல்.என்.பி. பெரும்பாலும் 3400-இலிருந்தே அலைகளை உள்ளே விடுவதால், பக்கத்து 5ஜி டவரின் பலத்த அலை அதைத் திணறடிக்கும். திரையில் படம் கட்டம் கட்டமாக உடையும். டவரும் நகராது, டிஷ்ஷும் நகராது. ஆகவே எல்.என்.பி.க்கு முன்னால் ஒரு ஃபில்டர் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இஸ்ட்ராக் ஆன்டெனாவோ தொடுவானத்திலிருந்து தொடுவானம்வரை திரும்புகிறது. உச்சியை நோக்கும்போது தொந்தரவு தராத டவர், தாழ்ந்து நோக்கும்போது நேர் எதிரே நிற்கும். 2300 பட்டையில் டவரும் கைபேசியும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுவதால், நகரும் கைபேசியும் கணக்கில் வரும். குறுகிய இடைவெளியில் கூர்மையாக வெட்டும் ஃபில்டர், வேண்டிய அலையையும் சற்றுக் குறைக்கும். 2290-க்குள்ளேயே கசியும் அலையை அதனால் தடுக்கவும் முடியாது. ராக்கெட் கடக்கும் சில நிமிடங்களில் இழந்த தகவலை மறுபடி கேட்டு வாங்கவும் வழியில்லை.

எனவே இங்கே கண்காணிப்பு முன்கூட்டியே நடக்க வேண்டும். அலையின் பலத்தோடு நேரம், ஆன்டெனாவின் திசை, ஏற்றக்கோணம் ஆகியவற்றையும் பதிந்தால்தான் எந்த டவர் எப்போது இடையூறு என்பது தெரியும். முன்கூட்டியே செயல்பட்டதற்கு எடுத்துக்காட்டும் உண்டு: அமெரிக்காவில் வானிலைச் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் 1695–1710 பட்டையைக் கைபேசிகளுக்கும் திறந்துவிட்டபோது, தரைநிலையங்களைச் சுற்றி முன் ஒப்புதல் தேவைப்படும் வட்டங்களை வகுத்தார்கள்.

கேபிள் டிஷ்ஷுக்குக் கோளாறு தெரிந்தபின் ஃபில்டர் போதும். பின்தொடரும் நிலையத்துக்கு அது போதாது. சுற்றுவட்டாரத்தில் புதிய டவருக்கு அனுமதி தரும் முன்பே அளவீடு நடந்தாக வேண்டும்.