நெறிசார் ஹேக்கிங்: தொடக்கக் கல்வியும் அனுமதியும்

நெறிசார் ஹேக்கிங் என்பது, ஒரு கணினி அமைப்பின் உரிமையாளர் இசைவோடு அதற்குள் நுழையக்கூடிய வழிகளைத் தேடுவதும், கண்டதை அவரிடமே தெரிவித்து ஓட்டையை அடைக்கச் செய்வதும் ஆகும். திருடுபவரும் நெறிசார் ஹேக்கரும் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே. தட்டச்சிடும் கட்டளைகளும் ஒன்றே. இருவரையும் பிரிப்பது அனுமதி. தொடக்க நிலைப் பயிற்சிகள் பல இதை முதல் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே கருவிகளுக்குத் தாவிவிடுகின்றன. அனுமதியைப் பாடத்துக்கு வெளியே போடப்பட்ட வேலியாகப் பார்ப்பதால் வரும் பிழை இது. இத்துறையின் தொழில்நுட்ப உள்ளடக்கமே 'யார், எதற்குள், எதுவரை போகலாம்' என்ற கேள்விதான். அதை முதலில் பிடித்துக்கொள்ளும் மாணவர் விரைவாகவும் சரியாகவும் கற்கிறார் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்தக் கேள்வி பழவேற்காடு ஏரிக் கரைக்குப் புதியதன்று. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது ஆரம்பாக்கம். அதற்குக் கிழக்கே விரியும் ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரியின் தென்பகுதிக் குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. இறால் கூடும் இடங்கள் குறைவு, வலைகள் அதிகம். ஆகவே எந்தக் குழு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறது. தண்ணீருக்குச் சுவர் கிடையாது. படகு எங்கும் போகும். வலையை எங்கும் இறக்கலாம். ஆனாலும் தன் பாடு இல்லாத இடத்தில் இறக்கிய வலை குற்றம். கணினி வலையமைப்பும் அப்படியே. கம்பியும் அலையும் எல்லா இடத்துக்கும் போகின்றன. போக முடிகிறது என்பதாலேயே போகும் உரிமை வந்துவிடுவதில்லை.

இது வெறும் உவமை இல்லை என்பதற்குச் சான்று உண்டு. இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக 2001-இல் தொடங்கப்பட்ட ஓவாஸ்ப் அமைப்பு, மிக ஆபத்தான பத்துக் குறைகளின் பட்டியலை அவ்வப்போது வெளியிடுகிறது. 2021 பட்டியலில் ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது 'அணுகல் கட்டுப்பாடு முறிவு' என்னும் குறை. அதாவது, கேட்பவருக்கு அதைப் பார்க்க உரிமை இருக்கிறதா என்று வலைத்தளம் சரிபார்க்கத் தவறுவது. அதே ஆண்டில் சென்னையைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி ரயில் முன்பதிவுத் தளத்தில் கண்டது இந்த வகைக் குறையைத்தான். பயணச்சீட்டின் பரிவர்த்தனை எண்ணை மாற்றினால் வேறொருவரின் பயண விவரம் திறந்தது. எண் சரியா என்று தளம் பார்த்தது. அந்த எண் கேட்பவருடையதா என்று பார்க்கவில்லை. அவர் அதைச் சர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவிடம் தெரிவித்தார். சில நாட்களில் குறை சரிசெய்யப்பட்டது. இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. உலாவியிலேயே உள்ள வசதியும், 'இது யாருடைய பாடு?' என்று கேட்கும் மனமும் போதுமானவையாக இருந்தன.

இன்னும் விரிவாகப் பார்க்கத் தக்கது, சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019-இல் இன்ஸ்டாகிராமில் காட்டிய குறை. கடவுச்சொல்லை மறந்தவருக்கு அந்தச் செயலி ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பும். அது பத்து நிமிடம் செல்லும். ஆறு இலக்கம் என்றால் 000000 முதல் 999999 வரை பத்து லட்சம் வாய்ப்புகள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முயன்றால் கணக்கு திறந்துவிடும் என்பது பள்ளிக் கணிதம். அதைத் தடுக்கவே ஒரே இணைய (ஐபி) முகவரியிலிருந்து சில நூறு முயற்சிகளுக்கு மேல் வந்தால் தளம் மறுத்தது. முயற்சிகளைப் பல முகவரிகளுக்குப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதே அவர் கேட்ட கேள்வி. ஆயிரம் முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பினார், தளம் தடுக்கவில்லை. முழுத் தாக்குதலுக்கு 5,000 முகவரிகள் வேண்டும். மேகக் கணினிச் சேவைகளில் வாடகைக்கு எடுத்தால் செலவு ஏறத்தாழ 150 டாலர் என்று கணக்கும் கொடுத்தார். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான பேஸ்புக் நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு 30,000 டாலர் பரிசளித்தது. இதே சிந்தனையை மைக்ரோசாப்டின் ஏழு இலக்க எண்ணுக்குப் பொருத்திப் பார்த்து, 2021-இல் 50,000 டாலர் பெற்றார்.

பரிசுத் தொகையை மட்டும் செய்தியாக வாசிக்கும் இளைஞர் இரண்டு விஷயங்களைத் தவறவிடுகிறார். ஒன்று, பேஸ்புக் நிறுவனம் 2011 முதலே குறை கண்டு சொல்பவர்களுக்கான பரிசுத் திட்டத்தை நடத்தி, எதைச் சோதிக்கலாம், எதைச் சோதிக்கக் கூடாது என்று விதி வகுத்திருந்தது. அதாவது லட்சுமண் முத்தையாவுக்குப் பாடு ஒதுக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, அவர் அனுப்பியது பத்து லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. குறை இருக்கிறது என்று நிறுவ அதுவே போதும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் தொழில்திறன்தான். கருவிப் பயிற்சிகள் பல இதைக் கற்பிப்பதே இல்லை.

'கள்வர் அனுமதி கேட்டு வருவதில்லை. காப்பவர் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?' என்பது அடிக்கடி எழும் மறுப்பு. ஐஆர்சிடிசி மாணவரிடம் முன் அனுமதி இருந்ததா என்றும் சேர்த்துக் கேட்கலாம். நியாயமான கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதையே இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது; கெட்ட எண்ணம் இருந்ததா என்று அது பார்ப்பதில்லை. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்தவற்றுக்குள் நுழைய முயல்வதற்கே 70-ஆம் பிரிவு பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. நல்லெண்ணத்தோடு தேடிய ஆய்வாளருக்கு விலக்களிக்கும் தனிப்பிரிவு இச்சட்டத்தில் இல்லை. இது சட்டத்தின் குறை, திருத்தப்பட வேண்டியது. ஆனால் திருத்தப்படும் வரை அதன் பாரம் விழுவது தொடக்கநிலை மாணவர் தலையில். தன் சீட்டைப் பார்க்கும்போது தற்செயலாகக் குறை தென்பட்டால், அடுத்தவர் தரவைச் சேகரிக்காமல் அங்கேயே நிறுத்தி, சர்ட்-இன் அமைப்புக்கு எழுதுவது ஏற்கத்தக்க வழி. குறை இருக்கிறதா என்று பக்கத்து வீட்டு வைஃபையையும் ஊர் வங்கியின் தளத்தையும் தட்டிப் பார்ப்பது அப்படிப்பட்டதன்று.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. பாடு முறையே எல்லோருக்கும் திறந்ததில்லை. குறிப்பிட்ட சமூகத்தில், குறிப்பிட்ட ஊரில், உறுப்புரிமை உள்ளவருக்கே முறை வரும். மற்றவர் வெளியே நிற்க, ஏரியில் பூசல்களும் நடந்திருக்கின்றன. அனுமதி என்பது வலியவர் தம் குறையை மறைக்கப் பிடிக்கும் கேடயமாகவும் ஆகலாம் அல்லவா? ஆகலாம். 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் இருப்பதாகச் செய்தி வந்தபோது, 29-ஆம் தேதி நிலையம் அதை மறுத்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணையத்தோடு தொடர்பற்றவை, தாக்குதல் சாத்தியமில்லை என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான இணைய இணைப்புள்ள கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்றும், செப்டம்பர் 4-ஆம் தேதியே சர்ட்-இன் தெரிவித்துவிட்டது என்றும் அறிவித்தது. உலை இயக்க வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. வெளியிலிருந்து யாரும் பேசாதிருந்தால் மக்களுக்கு இது எப்போது தெரிந்திருக்கும் என்ற கேள்வி எஞ்சுகிறது. இதற்கு உலகம் கண்ட விடை, அனுமதியைத் தூக்கியெறிவது இல்லை. அதற்குக் கெடு வைப்பது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 2014 முதல் குறையை உற்பத்தியாளரிடம் சொல்லி 90 நாள் அவகாசம் தந்து, பிறகு வெளியிடுகிறது. இந்திய அரசு நிறுவனங்களும் இப்படி வெளிப்படையான கெடுவை ஏற்றால், மௌனத்துக்கு இடம் குறையும்.

'கற்கவே அனுமதி வேண்டுமென்றால் கிராமத்து மாணவர் எங்கே போவார்?' என்பதற்கு விடை எளிது: சொந்தக் கணினிக்குள்ளேயே போகலாம். ஒரே மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் இரண்டு மெய்நிகர்க் கணினிகளை அமைக்கலாம். ஒன்றில் சோதனைக் கருவிகள் அடங்கிய, 2013-இல் வெளிவந்த காளி லினக்ஸ். மற்றொன்றில் வேண்டுமென்றே ஓட்டைகளோடு தயாரிக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள், அல்லது ஓவாஸ்ப் தரும் 'ஜூஸ் ஷாப்' என்ற போலிக் கடைத்தளம். இரண்டும் மாணவருக்கே சொந்தம். எந்தச் சட்டமும் குறுக்கே வராது. ஆனால் அதற்கு முன் கற்க வேண்டியவை கருவிகள் அல்ல. தரவுப்பொட்டலம் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிப் போகிறது, லினக்ஸில் கோப்புக்கு வாசிக்க, எழுத, இயக்க என்று உரிமைகள் எப்படிப் பிரிகின்றன, வலைத்தளம் ஒருவரை எப்படி நினைவில் வைக்கிறது என்பவை. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தானும் தரவுத்தளமும் இருக்கின்றன. நூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பு நூலின் இறுதிப் பகுதியில் கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் ஒரு பாடமாகவே உண்டு. அதைக் கடைசியில் வைத்ததைவிட முதலில் வைத்திருக்கலாம். பெரும் கட்டணத்தில் விற்கப்படும் சான்றிதழ்களுக்கு இந்த நிலையில் அவசரமில்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக உள்ளன. ஆங்கிலம் தடையாகத் தோன்றலாம். அன்றாடம் புழங்கும் கட்டளைகள் ஐம்பதுக்குள் அடங்கும். அவை சுருக்கச் சொற்கள், ஆங்கிலம் தெரிந்தவரும் புதிதாகத்தான் கற்கிறார்.

ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம், தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். 2017-இல் நாட்பெட்யா தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, நவி மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமே நின்றது. இத்தகைய இடங்களுக்குப் பாதுகாப்பு தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்த வேலை கரையோர ஊர்களின் பிள்ளைகளுக்கும் உரியது. அதற்கு வெகுமுன்பே ஊருக்குள் வேலை காத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அரசின் நிவாரணத் தொகை மீனவர் குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. பணம் வரும் காலம் ஊரறிந்தது. ஓடிபி கேட்டு அழைப்பவனுக்கும் அது தெரியும். லட்சுமண் முத்தையா எடுத்துக் காட்டிய அதே ஆறு இலக்கம்தான் இங்கேயும் சாவி. இங்கே அதற்குப் பத்து லட்சம் முயற்சி தேவையில்லை, ஒரு நயமான குரல் போதும். கற்கத் தொடங்கும் மாணவர் வீட்டுப் பெரியவர்களின் இசைவோடு அவர்கள் கைபேசியை வாங்கி, தேவையற்ற செயலிகளை நீக்கி, இருபடிச் சரிபார்ப்பை அமைத்துத் தரலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே அழைக்க வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930.