எந்தத் தெருவில் தங்கினார்கள்? திருவிழா பார்க்க வந்தவர்களும் அவர்கள் எழுதிய வரலாறும்

இந்தியாவில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கி, இந்துப் பண்டிகைகளையும் அன்றாட வாழ்க்கையையும் எழுதிவைத்த வெளியாட்கள் ஏராளம். பாதிரியார்கள், கம்பெனி அதிகாரிகள், மானிடவியல் ஆய்வாளர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். சமூகவியல் படிக்கிற எந்த மாணவரும் இவர்களில் சிலரையாவது படிக்காமல் பட்டம் வாங்க முடியாது. நானும் அப்படித்தான் படித்தேன்.

அந்த நூல்களைத் தூக்கிப் போடச் சொல்ல வரவில்லை தோழர்களே. அவற்றில் நமக்குப் பயன்படும் செய்திகள் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொரு நூலையும் திறக்கும்போது முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இவர் எந்தத் தெருவில் தங்கினார்? யார் வீட்டில் சாப்பிட்டார்? யாருடன் திருவிழாவுக்குப் போனார்? ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கிற நாட்டில், எல்லாத் திருவிழாவையும் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே ஆள் பார்த்துவிட முடியாது. தங்கின இடம்தான் பார்த்த காட்சியைத் தீர்மானித்தது. அதற்குச் சில சான்றுகளைப் பார்ப்போம்.

துபுவா பாதிரியாரின் 31 ஆண்டுகள்

பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா 1792இல் இந்தியா வந்தார். மைசூர்ப் பகுதியிலும் தமிழ்ப் பகுதிகளிலும் வாழ்ந்து 1823இல் நாடு திரும்பினார். இந்த மண்ணின் உடையையும் பழக்கவழக்கங்களையும் ஏற்றுக்கொண்டவர். இந்துக்களின் சடங்குகள், பண்டிகைகள், பழக்கங்கள் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 நட்சத்திர வராகன் கொடுத்து வாங்கியது. 1816இல் அது ஆங்கிலத்தில் அச்சானது. அதன் பெரும்பகுதி அவருக்கு முன்பே இங்கிருந்த கேர்து பாதிரியாரின் எழுத்தை அடியொற்றியது என்பது 20ஆம் நூற்றாண்டு ஆய்வில் தெரியவந்தது. ஆனாலும் இந்தியாவை ஆளவந்த அதிகாரிகள் பல தலைமுறைகளாக இந்து வாழ்க்கையை அந்த நூலின் வழியாகத்தான் கற்றார்கள்.

அந்த நூல் பறையர்களைப் பற்றிச் சொல்வதைக் கவனியுங்கள். அவர்கள் அடிமைகளைப் போல் நடத்தப்படுவதை அது பதிவு செய்கிறது. இது நமக்கு முக்கியமான சான்று. அதே நூல்தான், சாதி இல்லாவிட்டால் இந்துக்கள் காட்டுமிராண்டி நிலைக்குப் போயிருப்பார்கள், சாதி ஒரு சிறந்த ஏற்பாடு என்றும் வாதிடுகிறது. சாதிக் கட்டுப்பாடு இல்லாத மக்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால் பறையர்களைப் பாருங்கள் என்றும் சொல்கிறது. சாதியால் நசுக்கப்பட்டவர்களின் நிலையையே, சாதி தேவை என்பதற்குச் சான்றாக மாற்றிவிட்டார்கள். 31 ஆண்டு தங்கியவரின் பெயரில் வந்த நூல் இது. எத்தனை ஆண்டு தங்கினார் என்பதைவிட, யாருடைய விளக்கத்தை ஏற்றுக்கொண்டார் என்பதுதான் இங்கே முக்கியம்.

அக்கிரகாரத்தில் ஒருவர், ஊர்த் தலைவர் வீட்டில் ஒருவர்

இது வெள்ளைக்காரர்களின் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். நூலில் அந்த ஊருக்கு 'ராம்புரா' என்று பெயர். அவர் தங்கியது ஊர்த் தலைவருக்குச் சொந்தமான, மாடுகள் கட்டும் வீட்டில். 1970இல் அமெரிக்காவில் ஏற்பட்ட தீயில் அவருடைய ஆய்வுக் குறிப்புகள் எரிந்தன. நினைவிலிருந்து எழுதி 1976இல் நூலை வெளியிட்டார். தனக்குக் கிடைத்தது பெரும்பாலும் மேல்சாதியினரின் பார்வையில் அமைந்த கிராமம் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

ஆந்த்ரே பெத்தேய் வங்கத்திலிருந்து வந்தவர். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். நூலில் அந்த ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயர். அக்கிரகாரத்தில் அவருக்கு வீடு கிடைத்தது. பார்ப்பனர்களின் வீடுகளுக்குள் போகவும் அவர்களுடைய சடங்குகளைப் பார்க்கவும் முடிந்தது. ஆனால் அங்கே குடியிருந்த காரணத்தாலேயே சேரிக்கு அவரால் தாராளமாகப் போய்வர முடியவில்லை. இதையும் அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இருவரும் நேர்மையான ஆய்வாளர்கள். அவர்களுடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாதி எவ்வளவு கெட்டியானது என்பதற்கு அவர்கள் குடியிருந்த வீடுகளே சாட்சி. படிக்க வந்தவரைக்கூட அது ஒரு தெருவுக்குள் கட்டிப்போட்டது.

மொழிபெயர்ப்பாளர் மாறினார், ஊரும் மாறியது

இதைக் கிட்டத்தட்ட ஒரு சோதனை போலக் காட்டியவர் அமெரிக்கர் ஜெரால்ட் பெரிமன். 1957–58இல் இமயமலை அடிவாரத்தில், கார்வால் பகுதிக் கிராமம் ஒன்றில் ஓராண்டு வாழ்ந்தார். அவருடைய முதல் மொழிபெயர்ப்பாளர் சமவெளியைச் சேர்ந்த பார்ப்பனர். அவர் உடனிருந்தவரை ஊர் மேல்சாதியினர் தங்கள் இறைச்சி உணவு, சாராயம், ஆடு பலியிடும் வழக்கம் எல்லாவற்றையும் மறைத்தார்கள். சாஸ்திரப்படி நடப்பவர்களாகக் காட்டிக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரோ வாயே திறக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த மொழிபெயர்ப்பாளர் உடல்நலக் குறைவால் விலகினார். ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு முஸ்லிம் அந்த இடத்துக்கு வந்தார். ஊரின் பேச்சே மாறிவிட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றியும், மேல்சாதியினரைப் பற்றியும் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். ஊரும் அதே ஊர்தான், ஆய்வாளரும் அதே ஆள்தான். பக்கத்தில் நின்றவர் மட்டும்தான் வேறு. பெரிமன் இந்த அனுபவத்தை 1962இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். களப்பணிக்குப் போகிற ஒவ்வொரு மாணவரும் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஹோலி அன்று அடித்த பெண்

1950களின் தொடக்கத்தில் மெக்கிம் மாரியட் என்ற அமெரிக்கர் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் தங்கி ஹோலியைப் பார்த்தார். பார்த்தது மட்டுமல்ல, சேறும் சாணியும் பூசப்பட்டு, பாங்கு குடித்து, ஊரோடு ஆடினார். 1966இல் வெளியான அவருடைய கட்டுரை மானிடவியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது. பார்ப்பன, ஜாட் சாதி ஆண்களைக் கூலிப் பெண்கள் தடியால் விரட்டி அடிப்பதை அதில் விவரிக்கிறார். அவர்களின் கக்கூசைச் சுத்தம் செய்கிற இளம்பெண் ஒருத்தி கையில் தடியோடு துரத்த, ஊரின் பெரிய மனிதர்களான பார்ப்பனர்கள் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். அன்று ஒருநாள் எல்லாம் தலைகீழ். அன்பின் திருவிழா என்று ஊர்க்காரர்கள் சொன்ன விளக்கத்தின் வழியாக மாரியட் இதைப் புரிந்துகொள்கிறார்.

நாம் இதை வேறு மாதிரியும் படிக்கலாம். ஹோலி முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பெண் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு அதே வீடுகளின் பின்வாசலுக்குத்தான் போயாக வேண்டும். அவள் தடி எடுக்க ஆண்டுக்கு ஒருநாள் அனுமதி. மற்ற நாளில் அவள் தடி எடுத்தால் என்ன நடந்திருக்கும்? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இல்தான் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அந்தப் பெண்ணிடம் ஹோலியைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதுதான் நமக்குத் தேவையான வரலாறு.

சேரியைப் படித்தவர்களும் ஒன்றுபோல் இல்லை

அப்படியானால் சேரிக்குள் போய்விட்டால் உண்மை தானாகக் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. செங்கல்பட்டுப் பகுதியில் ஆய்வு செய்த இரண்டு அமெரிக்கர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜோன் மென்ஷர் 1974இல் எழுதிய கட்டுரையில், சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது புனிதம், தீட்டு பற்றிய தத்துவமாகத் தெரிவதில்லை என்றார். உழைப்பைச் சுரண்டுகிற ஏற்பாடாக, உழைப்பவர்களை ஒன்றுசேர விடாமல் பிரித்துவைக்கிற ஏற்பாடாகத் தெரிகிறது என்றார். மைக்கேல் மொஃபாட் 1979இல் வெளியிட்ட நூலில் இதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தார். சேரி மக்களுக்கும் தனி அம்மன் கோயில், தனித் திருவிழா, தங்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டு. ஆகவே அவர்களும் சாதியின் மதிப்பீடுகளை ஏற்றுக்கொண்டவர்கள்தான் என்றார். ராபர்ட் டெலியேஜ் போன்றவர்கள் பிறகு அதை மறுத்தார்கள்.

மொஃபாட் பார்த்த தனிக் கோயில் உண்மை. நம் ஊர்களிலும் இருக்கிறது. ஆனால் ஊர்க் கோயிலுக்குள் விடாதபோது, வரி வாங்க மறுக்கும்போது, சாமி ஊர்வலம் சேரிக்கு வராமல் திரும்பும்போது, மக்கள் தங்கள் தெய்வத்தைத் தங்கள் தெருவில் கும்பிடுவதை எப்படிச் சம்மதம் என்று சொல்வது? கும்பிடுவதும் கொண்டாடுவதும் மனிதர்களின் தேவை. கதவைச் சாத்தியவர்களின் கொள்கையை ஏற்றுக்கொண்டதற்கு அது அத்தாட்சி ஆகாது.

நம் ஆட்களே பேசியபோது

புதுச்சேரிக்கு அருகே காரணி என்ற ஊரைச் சேர்ந்த விவசாயக் கூலி வீரம்மா, தன் வாழ்க்கையை ஜோசியான் ரசீன் என்ற தமிழ்ப் பெண்ணிடம் பல ஆண்டுகளாகச் சொன்னார். அது 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. வீரம்மா நமக்குப் பிடித்த முழக்கங்களைப் பேசுவதில்லை. சாமிக்குப் பயப்படுகிறார், நிலக்காரரிடம் விசுவாசமாக இருக்கிறார், அதே மூச்சில் கேலியும் செய்கிறார். அதனால்தான் அந்த நூலை நம்ப முடிகிறது. வேலை, பிரசவம், சாவு, பாட்டு, பண்டிகை எல்லாம் அதில் ஒரே ஓட்டமாக வருகின்றன.

அதற்கு வெகுகாலம் முன்பே அயோத்திதாசர், 1907இல் தொடங்கிய தன் இதழில், தீபாவளியையும் கார்த்திகை தீபத்தையும் பௌத்த வழியில் விளக்கி எழுதினார். அவருடைய ஒவ்வொரு விளக்கத்தையும் வரலாற்று உண்மையாக ஏற்க வேண்டியதில்லை. பண்டிகைக்குப் பொருள் சொல்லும் உரிமை அக்கிரகாரத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்று அவர் நிறுவியதுதான் முக்கியம்.

பிறகு 1930. நாசிக் காலாராம் கோயிலில் மார்ச் 2 அன்று அம்பேத்கர் தலைமையில் சத்தியாகிரகம் தொடங்கியது. ராம நவமியை ஒட்டித் தேரோட்டம் வந்தது. இரு தரப்பினரும் சேர்ந்து தேர் இழுப்பது என்று உடன்பாடு ஆனது. ஆனால் சாதி இந்துக்கள் உடன்பாட்டை மீறித் தேரை இழுத்துச் சென்றார்கள். கல்வீச்சு நடந்தது. கெய்க்வாட் போன்றவர்கள் முன்னின்று ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்துக்குப் பிறகும் கோயில் திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். ஒரு தேரோட்டத்தில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்பதை இந்த வரலாறு சொல்லும். ஊர்த் தலைவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தவர்களுக்குத் திருவிழா என்றால் ஊர் ஒற்றுமை. நாசிக்கில் கல்லடி பட்டவர்களுக்கு அது குடியுரிமைக்கான போராட்டம்.

இது ஏன் இன்றைய பிரச்சினை?

ஏனென்றால் இன்றும் நம்மை வெளியே நிறுத்தச் சொல்லப்படும் காரணம் ஒரே சொல்தான்: 'வழக்கம்'. தேர்வடம், மண்டகப்படி, ஊர்வலப் பாதை என்று எந்தத் தகராறு வந்தாலும், சமாதானக் கூட்டத்தில் அதிகாரி முதலில் கேட்பது, "இதுவரைக்கும் வழக்கம் என்ன?" என்பதைத்தான். வழக்கம் என்பது யாரோ சொன்னது, யாரோ எழுதிவைத்தது. சொன்னவரும் எழுதியவரும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால், அந்தத் தெருவின் விருப்பம் ஊரின் வழக்கமாகிவிடும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பொது வழிபாட்டு இடத்துக்குள் நுழைவதையும், மத, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும், அவற்றை நடத்துவதையும் தடுப்பதைக் குற்றமாகத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் ஆவணம் வேண்டும். நம்மிடம் பல ஊர்களில் அது இல்லை.

ஆகவே இளம் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த ஆண்டு உங்கள் ஊரில் காப்புக் கட்டும் நாள் முதல் எழுதத் தொடங்குங்கள். வரி யாரிடம் வாங்கப்படுகிறது, யாரிடம் வாங்கப்படுவதில்லை? சாமி எந்தத் தெருக்களுக்குப் போகிறது, எந்த இடத்தில் திரும்புகிறது? பறை அடிப்பவர் யார், அதற்குக் கூலியா, கட்டாயமா? பறையடிக்க மறுத்தது எந்த ஆண்டு, அதற்கு என்ன நடந்தது? திருவிழா முடிந்தபின் எச்சில் இலையும் குப்பையும் அள்ளுகிறவர் யார்? வயதானவர்களிடம், முக்கியமாகப் பாட்டிகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். போட்டோ எடுங்கள். ரசீது, நோட்டீஸ், புகார் மனு எதையும் தூக்கி எறியாதீர்கள்.

உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், நீங்கள் எந்தத் தெருவிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். நம் தெருவுக்குள்ளும் யார் வீட்டுக்குப் போகாமல் விட்டோம் என்பதைக் குறித்துவையுங்கள். அருந்ததியர் குடியிருப்பு, புதிரை வண்ணார் வீடு, தனியாக வாழும் பெண்ணின் வீடு என்று நாம் தவறவிடும் வாசல்கள் உண்டு. நாளைக்கு நம் எழுத்தைப் படிக்கிறவர்களும் இதே கேள்வியை நம்மிடம் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

ஜெய்பீம்.