விருந்தினர் வீட்டாரானது: திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமத்தை முன்னிட்டுச் சில சிந்தனைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையையடுத்து வாழும் நம் சபைக் குடும்பத்தார் நம்மிடம் ஓர் ஆலோசனை கேட்டனர். ஜெர்மனியிலிருந்து வரவிருந்த ஒரு வாலிபனை ஓராண்டுக்காலம் தங்கள் இல்லத்தில் தங்க வைத்துக்கொள்ளலாமா என்பதே அது. கர்நாடக எல்லைக்கு அருகிலுள்ள ஒரு சிறுவர் இல்லத்தில் ஊதியமின்றிப் பணியாற்ற அவன் வருகிறான். அனுப்பும் ஸ்தாபனம் உணவுக்கும் உறைவிடத்துக்குமாக மாதந்தோறும் ஒரு தொகை தரும். குடும்பத் தலைவர் இயந்திரத் தொழிலாளர். வீடோ இரண்டு அறைகளை உடையது. “நம் வீட்டுச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளுமா, ஐயா?” என்று அவருடைய மனைவியார் வினவினார். நாம் அந்நியரை உபசரித்தலைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்து, ஏற்றுக்கொள்ளும்படி சொல்லியனுப்பினோம்.

அது அவசரப்பட்டுத் தந்த விடை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். எட்டு மாதங்கள் கழிந்து அவ்வீட்டிற்குச் சென்றபோது, மகன் தன் அறையைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்துவருவதைக் கண்டோம். அறைக்குள் புதுக்கட்டிலும் மேசையும் வந்திருந்தன. வாலிபன் மேசையில் தனியே உண்டான். அவன் உண்டு எழுந்தபின் வீட்டார் தரையில் அமர்ந்து உண்டனர். அவன் நற்குணம் வாய்ந்தவன். வீட்டாரும் அன்பிற் குறைந்தவரல்லர். ஆயினும் ஒரே கூரையின்கீழ் இரண்டு வீடுகள் இருந்தன.

இப்பிரதேசத்திற்கு இது புதிய அனுபவமன்று. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் நாடு கம்பெனியார் வசமாயிற்று. கலெக்டர் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரில் தங்கினார். அவருடைய உதவியாளருள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் வாழ்ந்தார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் அவர்களிடம் சேர்ந்தது. இவர்கள் இந்நாட்டின் நிலத்தை வயல்வயலாக அளந்து அறிந்தவர்கள். குடியானவரின் குறைகளைச் செவிமடுத்தவர்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அளக்க வந்தவன் எவ்வீட்டுக்கும் உறவினன் ஆவதில்லை. பின்வந்த மிஷனரிமாருள்ளும் பலர் மதில் சூழ்ந்த பங்களாவில் தனித்தே வாழ்ந்தனர். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் எழுபதின்மருக்கு இடப்பட்ட கட்டளை வேறுவிதமானது: ஏற்றுக்கொண்ட வீட்டிலேயே தங்கவேண்டும், வைப்பதை உண்ணவேண்டும், வீட்டுக்கு வீடு மாறலாகாது. அனுப்பப்பட்டவன் பிறர் அடுப்பை நம்பியிருக்கவேண்டுமென்பது இதன் உட்கிடை. பங்களாவிலோ சமையற்காரர் ஊதியம் பெற்றார்.

ரீட் தங்கிய அதே திருப்பத்தூரில், 1921-இல், வேறுவகையான ஓர் இல்லம் எழுந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அவ்வூர் உள்ளது. சவரிராயன் ஏசுதாசன், எர்னெஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் அங்குக் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். முன்னவர் தமிழர். பின்னவர் ஸ்காட்லாந்து தேசத்தவர். கம்பளி நூல் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்திற் பிறந்தவர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டனில் இவ்விருவரும் நண்பராயினர். அங்கே அந்நிய நாட்டில் தங்கியிருந்தவர் ஏசுதாசனே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பிறர் நாட்டில் அந்நியனாயிருப்பதன் கூச்சத்தை அறிந்தவரே பின்பு தம் நாட்டில் மற்றவரை வரவேற்றார்.

ஆசிரமத்தில் ஏசுதாசன் “பெரியண்ணன்” என்றும், பேட்டன் “சின்னண்ணன்” என்றும் அழைக்கப்பட்டனர். இவ்விரு பெயர்களையும் செல்லப்பெயர்களெனக் கொள்வது போதாது. வெள்ளையர் ஆண்ட நாட்டில், வெள்ளையர் ஒருவர், செல்வரும் கூட, தமிழர் ஒருவருக்கு இளையவராக ஒவ்வொரு நாளும் விளிக்கப்பட்டார். மிஷன் கூட்டங்களில் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேறியும் கிட்டாத சமத்துவத்தை ஓர் உறவுமுறைச் சொல் தந்தது. தமிழ் வீட்டில் எவரும் வெறும் பெயரோடு இருப்பதில்லை. அண்ணன், தம்பி, அத்தை, மாமா என ஏதேனும் ஓர் இடம் இருந்தே தீரும். அந்த இடத்தோடு கடமையும் வரும், கண்டிப்பும் வரும். விருந்தினனுக்கோ இரண்டும் இல்லை.

உணவும் உடையும் அவ்விடத்திற்கு ஏற்பவே அமைந்தன. கதராடை அணிந்தனர், தரையில் அமர்ந்து மரக்கறி உணவு உண்டனர். மருத்துவமனை நடத்தினர். தென்னிந்தியக் கோயிற் பாணியில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் இன்றும் காண்போரை ஈர்க்கின்றது.

உறவு மெய்யானதா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு: வீட்டாருக்கு வரும் அடி அவனுக்கும் விழுகிறதா? 1932-இன் தொடக்கத்தில் சென்னையில் அந்நியத் துணிக் கடையொன்றன் அருகே மறியல் நடந்துகொண்டிருந்தது. கதராடையுடன் அங்கு நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்து, சாயநீரைப் பீய்ச்சினர், வழக்கும் தொடுத்தனர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இது குறித்துக் கேள்வி எழுந்தது, வழக்கும் கைவிடப்பட்டது. சாதாரணத் தொண்டர் ஒருவர் அடிபட்டிருந்தால் எந்தப் பாராளுமன்றம் கேட்டிருக்கும் என்ற வினாவும் உடனெழுகின்றது. அடி பொதுவாயிருந்தது, பரிகாரம் பொதுவாயில்லை.

வீட்டில் இடம் கொடுப்போரும் விலை செலுத்த நேரிடும். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ரால்ப் ரிச்சர்ட் கைத்தான், காந்தியடிகளின் கடிதத்தை வைசிராயிடம் சேர்ப்பித்த ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸைத் தம் இல்லத்தில் தங்கவைத்தார். அதன் காரணமாக 1930-இல் அவர் இந்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. (பின்னர்த் திரும்பி வந்து காந்திகிராமத்தில் நெடுங்காலம் தொண்டாற்றினார்.) இன்று அந்நியரைத் தங்கவைப்போர் அதிகாரிகளுக்குப் படிவம் நிரப்பி அனுப்புவதோடு நின்றுவிடுகின்றனர்.

ஆசிரமத்தை நாம் குறையற்றதாகக் காட்ட முயலவில்லை. சின்னண்ணன் இளையவராயினும், ஆசிரமத்திற்குப் பெருந்துணையாயிருந்தது அவருடைய குடும்பச் செல்வமே. மேலும், அது மணமாகாதவர்களின் சகோதரக் கூட்டமைப்பு. அடுப்படியில் நிற்கும் பெண்ணின் உழைப்பும், இடம் விட்டுக்கொடுக்கும் பிள்ளையின் மனத்தாங்கலும் அங்கு எழ வாய்ப்பில்லை. ஓசூர் வீட்டில் இவையிரண்டுமே முதன்மையானவை.

இவ்வரலாற்றை அக்குடும்பத்தாரிடம் ஒரு மாலை வேளையில் கூறினோம். மனைவியார் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, “அவர் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டால்தான் எங்களுக்கு மனசு ஆறுது, ஐயா. அதைத் தாழ்வுன்னு நீங்க நினைக்கிறீங்களா?” என்றார். நாம் உடனே விடை கூற இயலாமல் நின்றோம். விருந்தினனை முன்னூட்டுவது அவ்வம்மையாரின் மானம். அதை அடிமைத்தனமென நாம் எண்ணியது நம் பிழையே. மகனோ, “ஒரு வருஷம் பரவாயில்லை ஐயா, ஆனால் அண்ணன் எங்கிட்டே ஒரு வேலையும் சொல்றதில்லை, நானும் சொல்றதில்லை” என்றான்.

மறு ஆண்டு அதே ஸ்தாபனம் வேறொரு வாலிபனை அனுப்பியது. அவனையும் ஏற்றுக்கொண்டனர். கட்டிலை உறவினர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டனர். மகனுடைய அறையிலேயே இரண்டாவது பாயொன்று விரிக்கப்பட்டது. நாம் சென்ற அன்று குழாயில் தண்ணீர் வரும் முறை. வந்தவனும் மகனும் ஆளுக்கொரு குடத்துடன் தெருவில் நின்றனர். அம்மையார் வாசலிலிருந்து, “தம்பி, சிந்தாமல் கொண்டு வா!” என்று உரக்கக் கடிந்துகொண்டார். இருவரில் எவனைச் சொன்னார் என்பது நமக்கு விளங்கவில்லை.