நுரையீரல் ஆபரேஷன்: ரத்தத்தை நிறுத்தினால் மட்டும் போதாதா? காற்றை அடைப்பது ஏன் பெரிய சவால்?

நுரையீரல் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வருபவரின் கட்டில் அருகே, தரையை ஒட்டி ஒரு பாட்டில் இருக்கும். மார்பிலிருந்து வரும் டியூப் அதிலுள்ள தண்ணீருக்குள் முடியும். நோயாளி இருமினால் குமிழி வரும். பார்த்ததுமே வீட்டுக்காரர்களுக்குப் பகீர் என்றிருக்கும்.

நுரையீரலை வெட்டினால் ரத்தம், காற்று இரண்டுமே கசியும் என்பதுதான் விஷயம்.

ரத்தம் எப்படி நிறுத்தப்படுகிறது?

ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் நுரையீரல் வழியாகப் போகிறது. நல்லவேளை, அங்கே அழுத்தம் குறைவு. கையில் பார்க்கும் பிபியில் சுமார் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ரத்தக்குழாயின் சுவர் மெல்லியது, இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் ஸ்டேப்ளர் வைத்து மூடுகிறார்கள். ஆபீஸ் ஸ்டேப்ளர் மாதிரிதான். பின்கள் மட்டும் டைட்டானியம். இருபக்கமும் வரிசையாகப் பின் விழ, நடுவில் கத்தி வெட்டிக்கொண்டே போகும். திடீரென ரத்தம் பீறிட்டால்? முதல் வைத்தியம், துணி வைத்து அழுத்திப் பிடிப்பதுதான்.

காற்று?

ரத்தம் உறையும், காற்று உறையுமா? அதோடு நுரையீரலுக்கு ஓய்வும் கிடையாது. ஒவ்வொரு மூச்சுக்கும் விரியும்போது பின் குத்திய ஓட்டைகளும் விரியும். பல வருடம் சிகரெட் பிடித்து எம்பைசிமா வந்த நுரையீரல் என்றால், நைந்த துணியில் தையல் போடுவது போலத்தான். அங்கே மாட்டின் இதய உறையிலிருந்து செய்த பட்டையை வைத்து, அதன்மேல் பின் அடிப்பதும் உண்டு.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை, சைக்கிள் கடை பஞ்சர் டெஸ்ட்டேதான்! மார்புக்குள் உப்புநீர் ஊற்றி, நுரையீரலை மெதுவாக ஊதிப் பார்ப்பார்கள். குமிழி வரும் இடத்தில் தையல் அல்லது பசை. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென், த்ராம்பின் இரண்டும் கலந்தது ஒரு வகைப் பசை. காற்றுக் கசிவுக்கென்றே உருவான 'ப்ரோஜெல்' பசைக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010-ல் அனுமதி தந்தது. பசையால் கசிவு குறைவது ஆய்வுகளில் தெரிந்தாலும், டிஸ்சார்ஜ் எப்போதும் சீக்கிரமாகிவிடுவதில்லை.

குமிழி வந்தால் பயப்படணுமா?

முதல் சில நாள் வருவது சகஜம். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். 5 நாளைத் தாண்டினால் 'நீடித்த கசிவு' என்பார்கள். டியூபோடு வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களும் உண்டு.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: குமிழி வருகிறதே என்று டியூபை மடக்கவோ கிளிப் போடவோ கூடாது. வெளியேற வழியில்லாத காற்று மார்புக்குள் சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் அமுக்கிவிடும். பாட்டிலையும் மார்பு மட்டத்துக்கு மேல் தூக்கக் கூடாது. பாத்ரூம் கூட்டிப் போகும்போதுதான் இது மறந்துபோகும்.