முப்பத்தொன்பது இலக்க எண்

127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் 39 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பிறக்கும். எழுதினால் அது 170141183460469231731687303715884105727 என நீளும். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறொன்றாலும் மீதியின்றி வகுபடாததை முதன்மை எண் என்பர். இப்பேரெண் அவ்வகையினது என 1876 ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காஸ் கைக்கணக்காலேயே நிறுவினார்.

இத்தகைய எண்களைப் பற்றி 1644 இல் பட்டியல் ஒன்று வெளியிட்டவர் மெர்சென் என்னும் துறவியார். 31, 67, 127, 257 முதலிய அடுக்குகள் முதன்மை எண்களைத் தரும் என்றார், நிறுவலோ தந்தாரல்லர். 31 ஆம் அடுக்குக்குரிய 2147483647 முதன்மை எண்ணே என்பதை 1772 இல் ஒயிலர் காட்டினார். அதற்கு 46,340 வரையுள்ள வகுஎண்களை ஆராய்ந்தாற் போதும். அவற்றுள்ளும் பெரும்பாலானவற்றை அவர் நுண்ணறிவால் விலக்கிவிட்டார். 127 ஆம் அடுக்குக்கோ இருபது இலக்க எண்கள் வரை தேடவேண்டும். எத்துணை விலக்கினும் மனித ஆயுள் அதற்குப் போதாது.

லூக்காஸ் வகுத்துத் தேடும் வழியையே கைவிட்டார். அவர் கண்ட வழியைச் சிறியதோர் எண்ணில், ஏழு இரண்டுகளாற் பெறும் 127 இல், காணலாம். மூன்றிலே தொடங்குக. அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்தால் 7. மீண்டும் அவ்வாறே செய்தால் 47. அடுத்து வருவது 2207. அதனை 127 ஆல் வகுக்க மீதி 48. 48 இலிருந்து 2302, மீதி 16. 16 இலிருந்து 254; அஃது 127 இன் இருமடங்கு, மீதி பூச்சியம். அடுக்கிலும் இரண்டு குறைவான படிகளில், அதாவது ஐந்தாம் படியில், பூச்சியம் வந்தமையால் 127 முதன்மை எண். (நாலால் வகுக்க மூன்று மீதியாகும் முதன்மை அடுக்குகளுக்கே மூன்றில் தொடங்குவது பொருந்தும்.) 39 இலக்க எண்ணுக்கு இவ்வாறு 125 படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் பேரெண்களைப் பெருக்கி வகுக்க நேருமாயினும், அது முடிவுள்ள வேலை.

அதே ஆண்டில் 67 ஆம் அடுக்குக்குரிய எண் முதன்மையன்று என்றும் லூக்காஸ் கண்டார். மெர்சென் அவ்விடத்திலே தவறியிருந்தார். விந்தை யாதெனின், எவ்வெண்களால் அது வகுபடும் என்பதை லூக்காஸும் அறியார்! வகுபடும் என்னும் உறுதி மட்டுமே அவருக்குக் கிட்டியது. 1903 ஒக்டோபரில் நியூ யோர்க்கிலே கோல் என்னும் பேராசிரியர் அக்காரணிகளை வெளிப்படுத்தினார். அவர் வாய்திறவாது கரும்பலகையில் 193707721 ஐ 761838257287 ஆற் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் எனக் கணித உலகில் ஒரு கதை வழங்குகிறது.

லூக்காஸின் பேரெண் 75 ஆண்டுகள், அறியப்பட்ட முதன்மை எண்களுள் மிகப் பெரியதாய் நின்றது. 1951 இல் ஃபெரியர், மேசைக் கணக்குப் பொறியின் துணையோடு 44 இலக்க எண்ணொன்றை நிறுவி அதனை விஞ்சினார். மறு ஆண்டு சனவரி 30 ஆந் திகதி, லொஸ் ஏஞ்சலிசிலிருந்த மின்கணிப்பொறி 521, 607 ஆகிய அடுக்குகளுக்குரிய இரு முதன்மை எண்களை ஒரே நாளிற் கண்டறிந்தது. பொறி புதிது, அதற்கு ரொபின்சன் எழுதிக் கொடுத்த கட்டளைகளோ, லேமர் செம்மைசெய்த லூக்காஸின் பழைய முறையே.