பிரேக் போடும் பயணி!

கொல்லிமலையில் இருக்கும் பைல்நாட்டுக்கு பஸ்ஸில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! உங்களுக்கு முன்சீட். வளைவில் திடீரென்று எதிரே ஒரு லாரி. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். கூடவே... உங்கள் வலது காலும் தரையை ஓங்கி அழுத்துகிறது. அங்கே ஏதுங்க பிரேக்?!

இந்த 'வெட்டி வேலை'யைப் பற்றி சீரியஸாக யோசித்தவர் ஆடம் ஸ்மித். ஆம், பொருளாதாரத்தின் தந்தை எனப்படும் அதே ஸ்காட்லாந்துக்காரர்தான்! 1759-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில், கயிற்றின் மேல் வித்தை காட்டுபவனை வேடிக்கை பார்க்கும் கூட்டம் வருகிறது. மேலே அவன் உடம்பை வளைத்தால், கீழே கூட்டமும் நெளிகிறது! ஒருவன் காலில் அடி விழப்போகிறதென்றால், பார்ப்பவன் தன் காலை இழுத்துக்கொள்கிறான். காரணம்? மனசுக்குள் நாம் அவன் இடத்துக்கே போய்விடுகிறோம். இரக்கம் பிறப்பதும் இப்படித்தான் என்றார் ஸ்மித்.

தாண்டும் போட்டிகளில் வீரன் எகிறும்போது பார்வையாளர்களின் கால்களும் அசைவதாகக் கேள்விப்பட்டதை, 1872-ல் டார்வின் எழுதிவைத்தார்.

1999-ல் அமெரிக்க உளவியலாளர்கள் சார்ட்ரண்டும் பார்கும் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கூட இருந்தவர் காலை ஆட்டினால் இவர்களும் ஆட்டினார்கள். முகத்தைத் தேய்த்தால் தேய்த்தார்கள். பிறகு விசாரித்தால், ''அப்படியா? கவனிக்கவே இல்லையே!''

மூளைக்குள் என்ன நடக்கிறது? 1992-ல் இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் ஒரு விநோதத்தை வெளியிட்டார்கள். குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போது இயங்கிய அதே நரம்பு செல்கள், மனிதர் எடுப்பதை அது சும்மா பார்த்தபோதும் இயங்கின! 'கண்ணாடி நியூரான்கள்' என்று பெயர் வந்தது. இது உளவியலின் டி.என்.ஏ. என்கிற அளவுக்குக் கொண்டாடினார் நம் வி.எஸ்.ராமச்சந்திரன். 'அவ்வளவு தூரம் போகாதீர்கள், சின்ன வயதிலிருந்து பார்ப்பதும் செய்வதும் சேர்ந்தே நடந்து ஊறிய பழக்கம் இது' என்று பிற்பாடு எதிர்க்கட்சியும் கிளம்பியது. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒன்று மட்டும் யோசியுங்கள். தெருவில் ஒருவனைக் கும்பல் அடிக்கிறது. வேடிக்கை பார்ப்பவனின் உடம்பு யாரைக் காப்பியடிக்கும்... ஓங்கிய கையையா, கூசிச் சுருங்கும் உடம்பையா? நம் கண் யார் மேல் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது!