ஒரு காலின் விலை

காஷ்மீரத்து ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் போய் முடிகிற சாலை ஒன்று காரிமங்கலத்தின் வழியாகச் செல்கிறது. முன்பு அதற்கு 7 என்று எண். அப்போது அது காசியிலிருந்து வந்தது. இப்போது 44. காசியோ காஷ்மீரமோ, காரிமங்கலத்துக்காரர்களுக்கு அதனால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. அவர்களில் பலருக்கு அந்தச் சாலையில் ஆக வேண்டிய காரியமெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உயிரோடு போய்ச் சேருவதுதான்.

அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் தருமபுரி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் மஞ்சள் பை. பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுப்பதும், மடித்துத் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். என் மூக்குக் கண்ணாடி அவளுக்கு நம்பிக்கை ஊட்டியிருக்க வேண்டும்.

"ஐயா, கோர்ட்டுல எந்தக் காயிதத்தைக் கேப்பாங்கன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

புருஷன் தென்னை மரம் ஏறுகிறவர். மரமேறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை ஓரமாக நடந்து போயிருக்கிறார். பின்னால் வந்த கார், ஓரத்துக்கு இறங்கி மோதிவிட்டது. காரை ஓட்டியவர் கையில் போன் இருந்தது; சாலையைப் பார்க்க வேண்டிய கண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழங்காலில் கம்பி வைத்தார்கள். உயிர் பிழைத்தார்; முழங்கால் மடங்கவில்லை.

காரோட்டி மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டார். அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போயிற்று. இந்த வீட்டுக்கு ஒரு பைசா வரவில்லை. நஷ்ட ஈட்டு வழக்கு வேறே நடக்கிறது. டாக்டர்கள் குழு கொடுத்த சர்டிபிகேட்டை என்னிடம் நீட்டினாள். ஊனம் 30 சதவிகிதம் என்று இருந்தது.

"முப்பது பங்குதான் போச்சுன்னு எழுதியிருக்காங்க. மீதி எழுபதை வெச்சுக்கிட்டு எந்த மரத்துல ஏறறதுங்க?"

இந்தக் கேள்விக்கு எனக்கு அந்தப் பெஞ்சில் உடனே பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். பதில் இருக்கிறது. ஆனால் அது வந்து சேர ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது.

கவனமில்லாமல் வண்டி ஓட்டிய வழக்கு நமக்குப் புதிதல்ல. திருவாரூரில் வீதிவிடங்கன் தேரில் போனான். குறுக்கே ஓடி வந்த கன்றைக் கவனிக்கவில்லை. தாய்ப்பசு மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் மகன் மீதே தேரை ஏற்றினான். சென்னை ஹைகோர்ட்டு வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. நீதிக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் நாமெல்லாரும் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறோம். எனக்கு மட்டும் வயதான பிறகு ஒரு சந்தேகம். ராஜகுமாரன் செத்ததில் பசுவுக்கு என்ன கிடைத்தது? நல்ல வேளையாகத் தியாகராஜப் பெருமான் பிரசன்னமாகிக் கன்றை எழுப்பிக் கொடுத்தார். அவர் வராதிருந்தால், பழிக்குப் பழி வாங்கியாகிவிட்டது என்ற திருப்தியோடு பசு வீடு திரும்பியிருக்கும், கன்று திரும்பியிராது. தண்டனை வேறு, ஈடு வேறு. காரிமங்கலத்து அம்மாளுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இது லேசில் தெரியவில்லை. 1808-ல் அங்கே ஒரு வழக்கு. புருஷனும் மனைவியும் ஒரு கோச்சு வண்டியின் மேல்தட்டில் பிரயாணம் செய்தார்கள். வண்டி குடை சாய்ந்தது. புருஷனுக்குக் காயம். மனைவி ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். புருஷன் வண்டிக்காரர்கள் மீது வழக்குப் போட்டான். எல்லன்பரோ பிரபு என்ற நீதிபதி என்ன சொன்னார் தெரியுமா? புருஷனுடைய காயத்துக்குப் பணம் கேட்கலாம். மனைவி படுத்திருந்த அந்த ஒரு மாதத்துக்கும் கேட்கலாம். அவள் இறந்த பிறகு ஏற்பட்ட நஷ்டத்துக்குக் கேட்க முடியாது. மனித உயிர் போவதை ஒரு சிவில் நஷ்டமாகக் கோர்ட்டு கருதாது. ஆக, வண்டிக்காரனுக்கு ஆளைக் காயப்படுத்துவதைவிடக் கொன்றுவிடுவது மலிவு! சட்டம் சில சமயம் இப்படித்தான், மிகுந்த யோசனையோடு மூடத்தனம் செய்கிறது.

ரயில் வந்தது, சாவு பெருகியது. 1846-ல் காம்பெல் பிரபு முயன்று அந்த விதியை மாற்றினார். ஒன்பது வருஷம் கழித்து, 1855-ல், அதே மாதிரிச் சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. மனைவி, புருஷன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடரலாம். மறு வருஷம் ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் ஓடிற்று. தென்னிந்தியாவில் ரயிலுக்கு முன்பே நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்து காத்திருந்தது என்பது நம் சரித்திரத்தின் அபூர்வமான முன்யோசனைகளில் ஒன்று.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? சிவில் கோர்ட்டில் பிராது கொடுக்க வேண்டும். கேட்கிற தொகைக்குத் தகுந்தபடி ஸ்டாம்பு கட்ட வேண்டும். கால் போனவன் கையிலே பணமும் இருக்க வேண்டும். அப்படியே ஜெயித்தாலும் டிகிரி யார் மேல்? டிரைவர் மேல். அவரிடம் என்ன இருக்கும்? காக்கிச் சட்டை இரண்டு இருக்கும். 1914-ஆம் வருஷத்து மோட்டார் சட்டம் லைசென்ஸையும் எண் பலகையையும் பற்றிக் கவலைப்பட்டதே தவிர, அடிபட்டவனுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கவலைப்படவில்லை. 1939-ல் வந்த சட்டம்தான் முதல் முதலாக அந்த வழியைக் காட்டிற்று. வண்டி வைத்திருக்கிறவன் பிறருக்கு விளையும் ஆபத்துக்காகக் கட்டாயம் இன்ஷூர் செய்ய வேண்டும். அந்த விதி யுத்தமெல்லாம் முடிந்து, 1946 ஜூலை 1-ல்தான் அமலுக்கு வந்தது. கரி கியாஸ் பஸ்கள் மலையேற முடியாமல் திணறிய அந்த யுத்த வருஷங்களில் அடிபட்டவர்கள் பாடு அவரவர் தலையெழுத்து.

1956-ல் அடுத்த படி. மோட்டார் விபத்துகளுக்கென்றே தனி டிரிப்யூனல்கள் ஏற்படுத்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய ஸ்டாம்புச் செலவு இல்லை. ஒரு மனு போதும். ஆனால் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கெடு வைத்தார்கள். மாவுக்கட்டுப் பிரிப்பதற்குள் கெடு தீர்ந்துவிடும். பின்னால் அதை 6 மாதமாக்கினார்கள். 1994-ல் கெடுவையே எடுத்தார்கள். 2019 திருத்தத்தில் மறுபடியும் 6 மாதம் வைத்து 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கினார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்குகள் போயிருக்கின்றன. வழக்கு எப்படி முடிந்தாலும், அடிபட்டவர் வீட்டார் 6 மாதம் என்பதை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டிரிப்யூனல் வந்த பிறகும் ஒரு தடை இருந்தது. டிரைவருடைய கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். இதிலே நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று தேசம் முழுவதும் பிரசித்தி பெற்றது. இருட்டிய பிறகு ஒரு தனியார் பஸ் போய்க்கொண்டிருந்தது. முன்னால் சாலையின் குறுக்கே மின்சாரக் கம்பி ஒன்று தாழத் தொங்கிற்று. அதைப் பார்த்துப் பிரயாணிகள் கூச்சலிட்டார்கள். டிரைவர் காதில் ஏறவில்லை. பஸ்ஸை நேரே அதன் மேல் விட்டார். அடிபட்டவர்கள் 26 பேர். அதில் 8 பேர் அங்கேயே மாண்டார்கள். கிரிமினல் கோர்ட்டு அதைத் தெய்வச் செயல் என்று சொல்லி டிரைவரை விடுதலை செய்தது. நம் ஊரில் தெய்வத்தின் தலையில் எத்தனையோ பழி. அதோடு இதுவும் ஒன்று. டிரிப்யூனல் மட்டும் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தது, ஹைகோர்ட்டும் ஒப்புக்கொண்டது. பஸ் முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

1980-ல் அதை விசாரித்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். தலைச்சேரியில் ஏழைகளின் வக்கீலாக இருந்து, 1957-ல் கேரள மந்திரியாகிப் பிறகு நீதிபதியானவர். இந்தியாவில் இலவசச் சட்ட உதவிக்கு வழி வகுத்த 1973-ஆம் வருஷத்துக் குழுவின் தலைவரும் அவர்தான். தூக்குத் தண்டனை விதிக்கிற வழக்குக்கு வேண்டிய அளவு சாட்சியத்தை, காலிழந்தவனின் மனுவுக்கும் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. இங்கே ஒரு சந்தேகம், அங்கே ஒரு மங்கல் என்று சொல்லிக்கொண்டு வண்டிக்காரர்கள் நழுவிப்போக விடக் கூடாது என்று டிரிப்யூனல்களுக்கு எடுத்துச் சொன்னார். முதல் வருஷம் இன்னொரு வழக்கு. ஹரியானா சர்க்கார் பஸ்ஸினால் புருஷனை இழந்த ஒரு பெண், கட்டணம் கட்ட வசதியில்லை என்று மனுப் போட்டாள். அதை எதிர்த்து அந்தச் சர்க்காரே டில்லி வரை போயிற்று! அந்த விதவையிடம் கோர்ட்டு பீஸ் வாங்கியே தீருவது என்று பிடிவாதம் பிடித்த சர்க்காரைக் கிருஷ்ணய்யர் கண்டித்து அனுப்பினார். 1982-ல் சட்டம் இன்னும் ஓர் அடி வைத்தது. தவறு யாருடையது என்று பார்க்காமலே உயிரிழப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். சிறு தொகைதான். வாசல் திறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன்.

நஷ்டத்தைக் கணக்கிடும் முறை சாதாரணக் கூட்டல் பெருக்கல்தான். வருஷ வருமானத்தை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண்களை 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தது. 41-லிருந்து 45 வயது வரை 14. மரமேறுகிறவருக்கு மாதம் 10,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். 14 வருஷத்துக்கு 16,80,000. ஊனம் 30 சதவிகிதம் என்றால் 5,04,000. இது டாக்டர் சர்டிபிகேட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும் கணக்கு.

2010-ல் ராஜ்குமார் வழக்கு என்று பெயர் பெற்ற தீர்ப்பில் நீதிபதி ரவீந்திரன் இந்தக் கணக்கைத் திருத்தினார். உடம்பின் ஊனம் ஒன்று, சம்பாத்தியத்தின் ஊனம் வேறொன்று என்றார். இடது கை போன ஒரு தச்சனுக்கோ டிரைவருக்கோ பிழைப்பு முழுவதுமே போகலாம். அதே கை போன சர்க்கார் குமாஸ்தாவுக்குச் சம்பளத்தில் ஒரு காசு குறையாமலும் இருக்கலாம். ஆகையால் டாக்டர் எழுதிய சதவிகிதத்தோடு நிற்காமல், அந்த மனிதன் என்ன தொழில் செய்தான், இனி என்ன செய்ய முடியும் என்று டிரிப்யூனல் விசாரிக்க வேண்டும். முழங்கால் மடங்காமல் தென்னை ஏற முடியுமா? முடியாதென்றால் சர்டிபிகேட்டில் 30 இருந்தாலும் நஷ்டம் 100 வரைக்கும் போகலாம். ஐந்து லட்சமா, பதினாறு லட்சமா என்பது இந்த ஒரு விசாரணையில் இருக்கிறது. மனுவை எழுதுகிறவர் தொழிலை விவரமாக எழுதாமல் 'கூலி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால், எத்தனை ரவீந்திரன் வந்து என்ன பயன்?

அந்த அம்மாளின் மனுவில் அப்படித்தான் எழுதியிருந்தது.

வழக்கை ஏற்பாடு செய்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலண்டையில் வந்து கையெழுத்து வாங்கிப் போன ஒரு தரகராம். வருகிற பணத்தில் இத்தனை பங்கு என்று பேச்சு. வக்கீல்கள் வெற்றியில் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. தரகருக்கு எந்தக் கவுன்சில்? ஆனால் பங்கே கொடுக்காமல் வக்கீல் வைத்துக்கொள்ள வழி உண்டு. 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9-ல் அமலுக்கு வந்த சட்டப்பணிகள் சட்டத்தின்படி பெண்களுக்கும், ஊனமுற்றவர்களுக்கும், வருமானம் பாராமலே இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட கோர்ட்டில் அதற்கென்று ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இதையெல்லாம் சொன்னேன். அவள் 15100-ஐ மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பஸ்களில் டிரைவருடன் பேசக் கூடாது என்று பலகை இருக்கும். பேசுகிறவன் பக்கத்தில் இருந்தால் பலகையைக் காட்டலாம். பம்பாயில் இருந்துகொண்டு பேசுகிறவனுக்கு எதைக் காட்டுவது? நியூயார்க் ராஜ்யம் 2001-லும், பிரிட்டன் 2003-லும் கையில் போன் பிடித்து ஓட்டுவதைத் தடுத்தன. நம் நாட்டில் 2019 திருத்தம் அதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்திலேயே சேர்த்து, முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறையோ என்று வைத்தது. ஆனால் கையில் போன் இருந்தது என்று யார் சொல்வது?

டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். ஓடிப்போய்த் தூக்கியவரும் அவர்தான். கோர்ட்டு என்றதும் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தவோ, ஸ்டேஷனில் காக்க வைக்கவோ கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2019-ல் அந்தப் பாதுகாப்புக்கு மோட்டார் சட்டத்திலேயே ஒரு பிரிவு வைத்தார்கள். அவராக மனம் வைத்துச் சொன்னால்தான் உண்டு. "கடையை யார் பார்த்துப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

இனிக் காசு கைக்கு வருகிற கதை. காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும். சர்க்கார் பஸ் இடித்திருந்தால் சங்கதி வேறு. அவற்றுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு, தனியாக நிதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. அந்தப் பணம் வராதபோது கோர்ட்டு அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பிரயாணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸையே ஜப்தி செய்து கோர்ட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். ராஜகுமாரனின் தேரைப் பிடித்து வைத்த மாதிரி!

தருமபுரி பஸ் வந்துவிட்டது. அம்மாள் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். தொழிலைச் சரியாக எழுதும்படி மனுவைத் திருத்தக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. படிக்கட்டில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"மரம் என்ன உசரம்னு கேப்பாங்களா ஐயா?"

"கேட்கலாம் அம்மா."

"அறுபதடி. நாட்டு மரம். ஒரு நாளைக்கு இருபது மரம் ஏறுவாருங்க" என்றாள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார்.